நான்கு மதிப்பெண்ணில் நின்றுபோன சி.ஏ. இன்டர் குரூப் 1

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு ஊர் பவானி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ. இன்டர் படிக்கிறேன். காலை 10 மணிக்குப் போனால் வீடு திரும்ப இரவு 7 ஆகிவிடும். மே மாதம் குரூப் 1 இரண்டாவது முறையாக எழுதினேன். அட்வான்ஸ்டு அக்கவுன்டிங் 58, டாக்ஸ் 47, லா 41. மொத்தம் 146, பாஸாக வேண்டியது 150. எதிலும் நாற்பதுக்குக் கீழே இல்லை, ஆனாலும் நான்கு மதிப்பெண்ணில் போய்விட்டது. லாவில் 14 மதிப்பெண் கேள்வி ஒன்றைத் தொடவே நேரமில்லை. டாக்ஸில் 8 மதிப்பெண்ணுக்கு எழுதவில்லை. எம்சிக்யூவுக்கே (கொள்குறி வினாக்களுக்கே) ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிடுகிறது. படித்தது எல்லாம் மனதில் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை. செப்டம்பரிலேயே மறுபடி எழுதவா? அல்லது ஜனவரியில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதவா? மறுபடி கோச்சிங் சேர வேண்டுமா? "இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவாய்" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வழி சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. இரண்டாவது முறை படிக்கும்போது கையில் கால்குலேட்டர் இருந்தது. மூன்று தாளுக்கும் சேர்த்து 300 மதிப்பெண். அதில் 14-ம் 8-ம் ஆக 22 மதிப்பெண்ணுக்கு நீங்கள் பேனாவே வைக்கவில்லை. ஆக, நீங்கள் விடை எழுதியது 278-க்குத்தான். அந்த 278-இல் 146 வாங்கியிருக்கிறீர்கள். 52 சதவீதத்துக்கும் மேலே. கேட்பது 50. எழுதிய அளவில் நீங்கள் பாஸ். எழுதாமல் விட்டதுதான் உங்களைக் கீழே இழுத்திருக்கிறது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என்ன மருந்து என்பது இந்தக் கணக்கில் இருந்துதான் கிடைக்கிறது. பாடம் தெரியாமல் 146 வாங்கியவருக்கு நான் "மறுபடி முதலிலிருந்து படியுங்கள், கோச்சிங் சேருங்கள்" என்பேன். உங்களுக்கு அது தேவையில்லை. மறுபடி ஒருமுறை அதே வகுப்பில் உட்கார்ந்தால், தெரிந்ததையே இன்னொருவர் சொல்லக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். நேரம் போகும், பணம் போகும், கை மட்டும் அப்படியேதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மூன்று மணி நேரத்துக்குள் தாளை முடிக்கிற கை. அதை வீட்டிலேயே பழக்கலாம். செலவு நான்கைந்து குயர் வெள்ளைத்தாள்தான்.

முதலில் ஒரு வேலை, இந்த வாரமே. உங்கள் விடைத்தாள்களின் சான்றிட்ட நகலுக்கு, சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட்டில் விண்ணப்பம் போடுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். மறுகூட்டலையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுகூட்டலில் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், மறுபடி திருத்த மாட்டார்கள். அதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். நகல் வாங்கச் சொல்வது வேறு காரணத்துக்கு. உங்கள் கையெழுத்தில் உள்ள விடைக்கு எங்கே மார்க் விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை நீங்களே பார்க்க வேண்டும். பக்கத்தில் இன்ஸ்டிடியூட் வெளியிடும் சஜஸ்டெட் ஆன்சரை (மாதிரி விடையை) வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இரண்டு பக்கம் எழுதி இரண்டு மார்க் வாங்கிய இடம் ஒன்றாவது கண்ணில் படும். நான்கு வரி எழுதி முழு மார்க் வாங்கிய இடமும் இருக்கும். அந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர மாட்டார்கள். என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) செய்த பிள்ளைகளில் தவறியவர்கள் எல்லோரையும் நான் நகல் வாங்க வைத்திருக்கிறேன். தன் விடைத்தாளைத் திறக்கவே பயந்தவர்கள்கூட, பார்த்து முடித்ததும் அமைதியாக எழுந்து போய் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள்.

செப்டம்பரா ஜனவரியா என்று கேட்டீர்கள். நீங்கள் வேலை பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில் என்பதால் எனக்குச் சந்தேகமே இல்லை, ஜனவரிதான். ஜூலை, ஆகஸ்டில் வருமான வரி ரிட்டர்ன் வேலை தலைக்கு மேல் இருக்கும். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் அறிக்கைக்குக் கடைசித் தேதி. நடுவில் மாதா மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள். அந்த நேரத்தில் உங்கள் சாரிடம் போய் ஒரு மாத லீவு கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். டிசம்பரில் கேட்டால் கொடுக்க அவருக்குக் கை வரும். ஆனால் டிசம்பரில் போய்க் கேட்காதீர்கள். இப்போதே, டாக்ஸ் ஆடிட் வேலையில் மும்முரமாக நிற்கும்போதே சொல்லி வையுங்கள்: "சார், செப்டம்பர் முழுக்க ஒரு நாள்கூட லீவு போட மாட்டேன், டிசம்பர் பதினைந்திலிருந்து தேர்வு முடியும்வரை எனக்கு விடுங்கள்." தானும் அட்டெம்ப்ட் எழுதி வந்த மனிதர்தான், புரிந்துகொள்வார்.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுவதில் ஒரு லாபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு தாளிலும் 40 எடுத்து, ஆறு தாளும் சேர்த்து 600-க்கு 300 வந்துவிட்டால், ஒரு குரூப்பில் 146 இருந்தாலும் இரண்டும் பாஸ்தான். உங்கள் 146 அப்படிக் கரை ஏறியிருக்கலாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் குரூப் 2-இல் நீங்கள் இன்னும் கால் வைக்கவில்லை. காஸ்டிங், ஆடிட், எஃப்எம்–எஸ்எம் (நிதி மேலாண்மை, வியூக மேலாண்மை) மூன்றையும் வேலைக்குப் போய்க்கொண்டே புதிதாகப் படித்து, குரூப் 1-ஐயும் எழுதிப் பழகி, ஜனவரிக்குள் முடிப்பது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. முன்பு ஒரு அட்டெம்ப்டுக்கும் அடுத்ததற்கும் ஆறு மாதம். ஒரு குரூப்பைத் தள்ளிப்போட்டால் அரை வருடம் போகும். 2024-இலிருந்து இன்டர் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஜனவரியில் குரூப் 1, மே மாதம் குரூப் 2 என்று வைத்தால் நடுவில் நான்கே மாதம். குரூப் 1-ஐ மட்டும் எழுதுங்கள். அதையும் 150-ஐக் குறிவைத்து எழுத வேண்டாம். அக்கவுன்ட்ஸில் 58 வாங்கிய உங்களுக்கு 65 எட்டிப் பிடிக்கிற உயரம்தான். அங்கே வருகிற கூடுதல் மார்க் லாவில் வரும் பள்ளத்தை நிரப்பும். ஒருவேளை குரூப் கிடைக்காமல் போனாலும் 60-ஓ அதற்கு மேலோ வாங்கிய தாளுக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு எக்ஸம்ப்ஷன் உண்டு, அதை மறுபடி எழுத வேண்டாம்.

இனி நேரம். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். 30 மார்க் எம்சிக்யூவுக்கு நீங்கள் 75 நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். மீதி 70 மார்க்குக்கு உங்களிடம் இருந்தது 105 நிமிடம். விடைத்தாளில் 14 மார்க் காணாமல் போனது கடைசி நேரத்தில் இல்லை அம்மா, முதல் ஒன்றேகால் மணி நேரத்திலேயே. எம்சிக்யூவுக்கு 40 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் பக்க எண், கேள்வி எண் சரிபார்க்க. நடுவில் 135 நிமிடம். 14 மார்க் கேள்வி ஒன்றுக்கு 27 நிமிடம், 4 மார்க் கேள்விக்கு எட்டு நிமிடத்துக்குள். தேர்வு 2 மணிக்குத் தொடங்குகிறது என்றால் 2.40, 3.07, 3.34, 4.01, 4.28, 4.55. இந்த ஆறு நேரமும் உங்கள் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கட்டும். மணி வந்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். நாலு வரி இடம் விட்டுவிட்டுப் போங்கள்.

எம்சிக்யூவில் உங்களுக்கு நேரம் போவது ஏன் என்று ஊகிக்க முடிகிறது. முக்கால் பக்கத்துக்கு ஒரு கதை கொடுத்து அதன் கீழே நாலைந்து கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் கதையை முதலிலிருந்து படிக்கிறீர்கள், ஆங்கிலம் என்பதால் ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறீர்கள், பிறகு கேள்விக்கு வந்து மறுபடி கதைக்குத் திரும்புகிறீர்கள். மாற்றிச் செய்யுங்கள். முதலில் கேள்விகளைப் படியுங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு கதைக்குள் போனால், தேதியும் தொகையும் தாமாகக் கண்ணில் விழும். இன்டரில் தவறான எம்சிக்யூவுக்கு மார்க் குறைப்பதில்லை. ஒன்றரை நிமிடத்தில் பிடிபடாததற்கு ஒரு விடையைக் குறித்துவிட்டு நகருங்கள். ஒன்றைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் தமிழ் வழிதான், தாராபுரம் பக்கத்துக் கிராமம். முதல் முறை அக்கவுன்ட்ஸ் தாளில் கடைசிக் கேள்வியின் பேலன்ஸ் ஷீட் 1,800 ரூபாய் வித்தியாசத்தில் நின்றது. இரண்டாவது கேள்வியாக அதை எடுத்திருந்தேன். 1,800-ஐப் பாதியாக்கி 900 எங்கேயாவது தப்பான பக்கம் போயிருக்கிறதா என்று தேடினேன். ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்குமோ என்று தேடினேன். தலை நிமிர்ந்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. அந்த அவசரத்தில் தெரிந்த ஒரு முழுக் கேள்வியை விட்டுவிட்டு வந்தேன். அந்தத் தாளில்தான் தவறினேன். பின்னால் நானே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, பேலன்ஸ் ஷீட் டேலி ஆவதற்கென்று இருக்கிற மார்க் சொற்பம். மார்க் எல்லாம் ஒர்க்கிங் நோட்டில், அதாவது கணக்குப் போட்ட வழியைக் காட்டும் குறிப்பில் இருக்கிறது. கன்சாலிடேஷன் (தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி கணக்குகளைச் சேர்ப்பது) கணக்கென்றால் பங்கு விகிதம், வாங்குவதற்கு முந்தைய லாபம், பிந்தைய லாபம், மைனாரிட்டி இன்ட்ரெஸ்ட், குட்வில் என்று ஒவ்வொன்றையும் தனி நோட்டாக, எண் போட்டு, விடையின் பகுதியாகவே எழுதுங்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்காதீர்கள். டேலி ஆகவில்லையா, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

சரி, ஆங்கிலம். இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. விடையை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுதலாம், தமிழில் எழுத வழி இல்லை. நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் பாரம் என்பது உண்மை. ஆனால் திருத்துபவர் நடையழகைப் பார்ப்பதில்லை. சட்டம் வந்திருக்கிறதா, கேள்வியில் சொன்ன சம்பவத்தோடு பொருத்தியிருக்கிறீர்களா, முடிவு சரியா, அவ்வளவுதான் பார்க்கிறார். ஒரு கேள்வியை எடுத்துக் காட்டுகிறேன்.

ஒரு பிரைவேட் கம்பெனி 2023 ஜூன் 10 அன்று பதிவாகிறது. முதல் நிதியாண்டு 2024 மார்ச் 31-இல் முடிகிறது. கணக்கு வேலை இழுத்துக்கொண்டே போகிறது. கம்பெனிப் பதிவாளரிடம் மூன்று மாதம் அவகாசம் வாங்கி முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை 2025 பிப்ரவரியில் நடத்தலாம் என்று இயக்குநர்கள் நினைக்கிறார்கள். முடியுமா? நான்கு மார்க்.

பலரும் எழுதுவது எப்படியென்றால், ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏன் முக்கியம், அங்கே என்னென்ன நடக்கும், எந்த நேரத்தில் நடத்தலாம், நோட்டீஸ் எத்தனை நாளுக்கு முன்பு என்று தெரிந்ததையெல்லாம் ஒரு பக்கத்துக்கு இறக்கிவைத்துவிட்டு, கடைசி வரியில் "முடியாது" என்பார்கள். பதினைந்து நிமிடம் போய்விடும். எழுத வேண்டியது மூன்று சிறு பத்திகள். முதல் பத்தியில் சட்டம்: 2013 கம்பெனிகள் சட்டம் 96-ஆம் பிரிவின்படி முதல் கூட்டம் முதல் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் நடக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் பதிவாளர் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் முதல் கூட்டத்துக்கு அந்த நீட்டிப்பு கிடையாது. இரண்டாம் பத்தியில் சம்பவம்: ஆண்டு முடிந்தது 2024 மார்ச் 31, ஒன்பது மாதம் முடிவது 2024 டிசம்பர் 31, இது முதல் கூட்டம். மூன்றாம் பத்தியில் முடிவு: அவகாசம் வாங்க முடியாது, பிப்ரவரியில் நடத்தினால் சட்டமீறல். எட்டு வரி, ஏழு நிமிடம், நான்கு மார்க்.

இந்த மூன்று பத்திக்கும் ஆங்கிலத்தில் மூன்றே தொடக்கம் போதும். 'அஸ் பெர் செக்‌ஷன்...', 'இன் தி கிவன் கேஸ்...', 'தேர்ஃபோர்...'. லா தாள் முழுவதையும் இந்த மூன்று கதவு வழியாகவே எழுதி முடிக்கலாம். செக்‌ஷன் எண் சந்தேகமாக இருந்தால் போடாதீர்கள். 'அஸ் பெர் தி ப்ரொவிஷன்ஸ் ஆஃப் தி கம்பெனீஸ் ஆக்ட், 2013' என்று எழுதிவிட்டுச் சட்டத்தைச் சரியாகச் சொன்னாலே போதும். தப்பான எண் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

படிக்கும்போது உங்களைக் கவிழ்ப்பவை பெரிய சொற்கள் இல்லை, சின்னச் சொற்கள். 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'மே' என்றால் செய்யலாம். மேலே சொன்ன கேள்வியில் மொத்த விடையும் 'அதர் தேன் தி ஃபர்ஸ்ட்' என்கிற நாலு சொல்லில்தான் இருக்கிறது. 'சப்ஜெக்ட் டு' என்றால் அதற்கு உட்பட்டு. 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் அங்கே என்ன சொல்லியிருந்தாலும் இது செல்லும். 'நாட் எக்ஸீடிங்', 'நாட் லெஸ் தேன்', 'ஆர்', 'அண்ட்' இவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டே படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பிரிவை உங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டே சொன்னால் போதும். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வந்துவிட்டால் உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தமிழில் நினைப்பது குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இன்றைக்கும் ஒரு புதுச் சட்டத் திருத்தத்தை முதலில் தமிழில்தான் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

டாக்ஸில் 47 பார்த்து எனக்கு ஆச்சரியம் இல்லை. தினமும் ரிட்டர்ன் போடுகிறவர்கள் அதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபீஸில் கணக்குப் போடுவது சாஃப்ட்வேர், தேர்வில் போட வேண்டியது நீங்கள். ஐஜிஎஸ்டி கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகையை) முழுதாகத் தீர்த்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும், சிஜிஎஸ்டி கிரெடிட்டை எடுத்து எஸ்ஜிஎஸ்டிக்குக் கட்ட முடியாது என்பதெல்லாம் திரையில் தானாக நடந்துவிடுகிறது. அதனால் ஏன் என்று எழுத வருவதில்லை. ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பில்லை எடுத்து, இதற்கு இன்புட் கிரெடிட் எடுத்தோமா இல்லையா, ஏன் என்று இரண்டு வரி ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலாளி போய்வர வாங்கிய கார், ஊழியர்களுக்கு வாங்கிய தீபாவளிச் சாப்பாடு, இவை இரண்டையும் வைத்தே, எதற்கெல்லாம் கிரெடிட் கிடையாது என்று சொல்லும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவில் பாதியைப் படித்துவிடலாம். டிசம்பருக்குள் உங்களிடம் நூறு கேள்வி-பதில் இருக்கும்.

இன்னொன்று, பழைய நோட்ஸ். சீனியர் அக்காமார் கொடுத்த வருமான வரி நோட்ஸை அன்போடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி எழுதாதீர்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று வைத்திருக்கிறார்கள். எந்த அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பதை இன்ஸ்டிடியூட் அறிவிப்பில் பார்த்து, ஸ்டடி மெட்டீரியலின் அதே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டெம்ப்டுக்கான ஆர்டிபி (இன்ஸ்டிடியூட் வெளியிடும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) வந்ததும் திருத்தப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

தினசரி நேரத்துக்குப் பெரிய அட்டவணை எதுவும் நான் தரப்போவதில்லை. காலை ஐந்து முதல் ஏழு வரை எழுத்து மட்டும். புத்தகம் படிக்கிற நேரம் அது அல்ல. மூடிய புத்தகம், வெள்ளைத்தாள், மணி. இரவு வந்து ஒரு மணி நேரம் படிப்பும் எம்சிக்யூவும். களைத்து வந்த உடம்போடு எழுத உட்கார்ந்தால் எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். செப்டம்பர் முடியும்வரை இது போதும். அக்டோபரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குக் கொடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு 1.45-க்கு உட்காருங்கள். இன்ஸ்டிடியூட் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் வெளியிடும் மாக் டெஸ்ட் பேப்பர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, பதினைந்து நிமிடம் படிக்க மட்டும். ஹாலில் கிடைக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் எதை விடலாம், எதை முதலில் எழுதலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கும் பழக்கம் வேண்டும். 2 மணிக்குப் பேனா. 5 மணிக்கு, எழுதி முடித்தாலும் முடிக்காவிட்டாலும், கீழே வைத்துவிடுங்கள். நடுவில் போன் எடுக்கக் கூடாது. ஒன்பது பத்து ஞாயிறு இப்படிப் போனால் தாளுக்கு மூன்று முறை எழுதியிருப்பீர்கள். முதல் ஞாயிறு இருபது மார்க் விட்டுப்போகும். மனம் தளர வேண்டாம், அதற்காகத்தான் வீட்டிலேயே எழுதுகிறோம். கை நடுக்கம் என்று பயப்படுபவர்களுக்கும் இதுதான் மருந்து. பத்து முறை பார்த்த மூன்று மணி நேரம் பதினோராவது முறை பயமுறுத்தாது.

தாளுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி கிடைக்கும். முதல் தாள் மாலை 5-க்கு முடிந்து, அடுத்தது மறுநாளைக்கு மறுநாள் 2 மணிக்கு. 45 மணி நேரம். தூக்கம், பயணம், சாப்பாடு போக உட்கார்ந்து படிக்க இருபது மணி நேரம் தேறும். இருபது மணி நேரத்தில் முழுப் பாடத்தையும் ஒருமுறை புரட்டிவிடுகிற அளவுக்கு உங்கள் நோட்டுகள் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கியிருக்கிறதா என்று டிசம்பர் லீவில் ஒருமுறை நிஜமாகவே மணி பார்த்துச் சோதியுங்கள். லா நோட்டு முடியவில்லை என்றால் அப்போதே இன்னும் சுருக்க நேரம் இருக்கும். முதல் தாள் எழுதிவிட்டு வெளியே வந்ததும் வாசலில் நின்று விடை பேசுகிற கூட்டத்தில் சேராதீர்கள். வண்டியைப் பிடித்து நேராக வீட்டுக்கு.

ஹாலுக்குக் கொண்டுபோகும் கால்குலேட்டரை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். பேட்டரியில் ஓடுவதாக, 12 இலக்கம், ஆறு செயல்பாட்டுக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும். ஆபீஸில் மேசை மேல் வைத்திருக்கும் பிரின்டர் வைத்த கால்குலேட்டர் ஆகாது. வாங்கியதிலேயே ஞாயிற்றுக்கிழமைகளிலும் எழுதிப் பழகுங்கள், விரலுக்குப் பட்டன் தெரிய வேண்டும். மற்ற விவரம் எல்லாம் ஹால் டிக்கெட்டிலேயே இருக்கும்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "இன்னும் எத்தனை தடவை" என்று கேட்பவர்களுக்கு 146 என்ற எண்ணின் பொருள் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பாஸ், ஃபெயில் இரண்டுதான். ஒரு நாள் இரவு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து, நான் மேலே போட்ட கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். 278-க்கு 146, எழுதாதது 22. எதை மாற்றப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் உங்கள் அறைக் கதவைத் தட்டக் கூடாது என்று அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பது குறைந்துவிடும். என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பேச்சிலேயே பொங்கலைப் பற்றியும் சொல்லி வைத்துவிடுங்கள். ஜனவரி அட்டெம்ப்ட் நம் ஊரில் பொங்கலோடு மோதலாம். 2025-இல் குரூப் 1 தாள்கள் ஜனவரி 11, 13, 15 என்று வந்தன. போகியும் பொங்கலும் தாள்களுக்கு நடுவிலேயே மாட்டிக்கொண்டன. அண்ணன் குடும்பம், அத்தை, பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருக்கும்போது நீங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு டாக்ஸ் புரட்ட வேண்டி வரலாம். யார் மனமும் நோகாமல் இருக்க அக்டோபரிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பானை பொங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வாசலுக்கு வந்து நின்றுவிட்டுப் போங்கள். கடைசித் தாள் எழுதிவிட்டு வரும்வரை உங்களுக்கென்று ஒரு முழுக் கரும்பை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.